லயத்துல ரெட்டைக்குழி கக்கூஸ் கட்டப் போறீங்களா? கடிதத்துல இருந்து மூடி போடுற வரைக்கும் முழு விவரம்

இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டத்து லயத்துலயோ (தொழிலாளர் வரிசை வீடு), ஏழு பேர்ச் காணியில கட்டின வீட்டுலயோ இருக்கிறவங்க சொந்தமா ஒரு கக்கூஸ் கட்டணும்னு நெனைச்சா எங்க தொடங்குறது, யார்கிட்ட கையெழுத்து வாங்குறது, மேசன் பாஸ்கிட்ட என்ன சொல்லி கட்ட வைக்கிறதுன்னு ஒரே எடத்துல எழுதி வச்ச மாதிரி எனக்கு ஒன்னும் கெடைக்கல. ஒபிஸ் ஒபிஸா ஏறி இறங்கி, பாஸ்மாரோட பேசி, பி.எச்.ஐ (பொதுச் சுகாதார பரிசோதகர்) ஐயா சொன்னதையும் சேர்த்து தெரிஞ்சிக்கிட்டத இங்க போடுறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்.

ஏன் ரெட்டைக்குழி? செப்டிக் டேங்க் கட்டினா அது ஒரு நாள் நெறையும், கல்லி பவுசர் (கழிவு உறிஞ்சுற லொறி) கூப்பிட்டு இழுக்கணும். நம்ம லயத்துக்கு போற பாதையில ஆட்டோ ஏறுறதே கஷ்டம், பவுசர் எங்க வரும்? அதனால நெறைஞ்ச டேங்க உடைச்சி காணுல (மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்) விடுறாங்க, காண் கீழ் லயத்து பீலிக்கு (தண்ணி பிடிக்கிற எடம்) போகுது. ரெட்டைக்குழியில அந்தப் பிரச்சினை இல்ல. ஒரு குழிய பாவிக்கும்போது மத்தது சும்மா இருக்கும், மொதல் குழி நெறைஞ்சா ரெண்டாவதுக்கு மாத்துவீங்க, மூடி வச்ச குழியில உள்ளது ரெண்டு வருஷத்துல மண்ணா மாறிடும், மண்வெட்டியால அள்ளிடலாம். பவுசரும் வேணாம், கரண்டும் வேணாம்.

1. மொதல்ல காசும் வேணாம், கடிதமும் வேணாம், லயத்து ஆளுங்களோட நடந்து பாருங்க

இத விட்டுட்டு நேரா தோண்டத் தொடங்கினா கண்டிப்பா சண்டை வரும். ஞாயித்துக்கிழமை பின்னேரம் மாதிரி எல்லாரும் இருக்கிற நேரமா பார்த்து, மேல் லயத்துல ஒருத்தர், கீழ் லயத்துல ஒருத்தர், தோட்டத்து தலைவர், மாதர் சங்கத்து அக்கா ஒருத்தர்னு சேர்த்துக்கிட்டு தண்ணி எங்க ஊறுது, எந்த பைப்புல எந்த லயத்துக்கு போகுது, மழைத்தண்ணி எந்த காணுல இறங்குது, பழைய குழிங்க எங்க எங்க இருக்குன்னு நடந்து பாருங்க. பிறகு கோயில் முத்தத்துலயோ இஸ்தோப்புலயோ கோலமாவால அத வரைஞ்சி வைங்க, ஊத்து, லயம், காண், கக்கூஸ் எல்லாம். பங்களாதேஷ்ல 2000ஆம் ஆண்டு தொடங்கி பல நாடுகளுக்கு பரவின முறை இது, வெளியில இருந்து ஒரு ஆள் வந்து லெக்சர் அடிக்காம ஊர்க்காரங்களே தங்கட அசிங்கம் எங்க போகுதுன்னு படத்துல பார்த்து முடிவெடுக்கிறது. நம்ம பக்கத்துல ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். கக்கூஸ் இல்லாத வீட்டுக்காரங்கள கூட்டத்துல வச்சி வெக்கப்படுத்துற மாதிரி சில எடங்கள்ல செஞ்சிருக்காங்க, அத தயவுசெஞ்சி செய்யாதீங்க. இல்லாதது அவுங்க குத்தம் இல்ல, பல பேருக்கு தோண்ட ஒரு அடி காணி கூட இல்ல.

இந்த நடையில ரெண்டு லாபம். குழிக்கு எடம் தெரியும். பிறகு "எங்க தண்ணிக்கு மேல குழி வெட்டிட்டான்"னு யாரும் ஒபிஸ்ல போய் பெட்டிஷன் போட மாட்டாங்க.

2. எடம் பார்க்கிறது

இங்க தான் எல்லாமே இருக்கு, கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

ஊத்து, கிணறு, பீலி எதுல இருந்தும் கொறஞ்சது 30 மீட்டர், அதாவது 100 அடி தள்ளி இருக்கணும். டேப் இல்லைன்னா பெரிய ஆள் ஒருத்தர் 40 எட்டு வச்சா சுமாரா அந்த தூரம் வரும். ஆனா மலையில தூரம் மட்டும் பார்த்தா போதாது, குழி தண்ணிக்கு மேல்பக்கம் இருக்கக் கூடாது. பக்கவாட்டுல இல்ல கீழ்பக்கம். தோண்டும்போது வெடிச்ச கருங்கல் பாறை தட்டுப்பட்டா அந்த எடத்த விட்டுடுங்க, மண்ணுல கிருமி வடிகட்டுப்படும், பாறை வெடிப்புல அப்படியே ஓடி பீலிக்கு போயிடும், அங்க 100 அடி ஒரு கணக்கே இல்ல.

குழியோட அடிமட்டத்துக்கும் நிலத்தடி தண்ணிக்கும் நடுவுல 1.5 மீட்டர், அஞ்சு அடி மண் இருக்கணும். இத வெயில் காலத்துல பார்த்து ஏமாறாதீங்க, நல்ல மழை பெஞ்ச பிறகு பக்கத்து கிணத்துலயோ பழைய குழியிலயோ தண்ணி எவ்வளவு மேல வருதுன்னு பாருங்க. தண்ணி ரொம்ப மேல வர்ற எடம்னா குழிய பாதி நிலத்துக்கு மேல எழுப்பி கட்டி சுத்தி மண் அணைக்கலாம், கக்கூஸையும் அதே அளவு ஒசத்தணும், ரெண்டு மூனு படி வரும்.

மண்சரிவு. லயத்துக்கு பின்னால மண் வெட்டி நேரா நிக்கிற கரை இருக்குமே, அந்த கரைக்கு மேல விளிம்புல குழி வெட்டவே வெட்டாதீங்க. தண்ணி ஊறி ஊறி அந்த கரை லயத்து மேல வந்து விழும். நிலத்துல நீளமா வெடிப்பு, சாஞ்ச மரம், புதுசா கலங்கல் தண்ணி வர்ற ஊத்து, இதெல்லாம் தெரிஞ்சா வேலைய நிப்பாட்டி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து மாவட்ட ஒபிஸுக்கு சொல்லுங்க. 2014ல மீரியபெத்தயில நடந்தத பார்த்த நம்ம சனத்துக்கு இத திருப்பி சொல்லத் தேவையில்ல.

ராத்திரியில பொம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க பயமில்லாம போற தூரமா இருக்கணும். தேயிலைக்குள்ள தள்ளி கட்டின கக்கூஸ ராத்திரி யாரும் பாவிக்க மாட்டாங்க. வீட்டு வெளக்கு வெளிச்சம் படுற எடம்னா ரொம்ப நல்லது. குழி மட்டும் வீட்டு அத்திவாரத்துல இருந்து நாலு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

ரெண்டு குழியும் சரிவுக்கு குறுக்கா, ஒரே மட்டத்துல, பக்கத்துல பக்கத்துல வரணும், நடுவுல மூனரை அடி மண் விடுங்க. ஒன்னுக்கு கீழ ஒன்னு வச்சா மேல் குழி தண்ணி கீழ் குழியில ஊறி, மூடி வச்சது காயவே காயாது.

3. மண் தண்ணி குடிக்குதான்னு பாருங்க

குழி வரப்போற எடத்துல ஒரு அடி அகலம், ரெண்டு மூனு அடி ஆழத்துல சின்ன குழி வெட்டி தண்ணி நெறைச்சி ஒரு ராத்திரி விடுங்க. காலையில திரும்ப ஊத்தி, ஒரு குச்சிய நட்டு அடையாளம் போட்டு பாருங்க. ஒரு மணித்தியாலத்துல ஒரு இஞ்சி கூட இறங்கலைன்னா அது களிமண், குழி ஒத்து வராது, வேற எடம் பாருங்க. செலவில்லாத வேலை, ஆனா இத யாருமே செய்யுறதில்ல.

4. கடிதங்கள், கையெழுத்துகள்

அலைச்சல் முழுக்க இதுல தான். ஒரு ஃபைல் வாங்குங்க, எல்லாத்துலயும் ரெண்டு போட்டோ கொப்பி போடுங்க.

முதலாவது, தோட்டத்து நிர்வாகத்துக்கு வேண்டுகோள் கடிதம். காணி உறுதி கையில இல்லாத லயத்து ஆளுங்களுக்கு இது இல்லாம ஒன்னும் நகராது. வெல்பெயார் ஒபிசர்கிட்ட மொதல்ல காட்டிட்டு அவர் மூலமா பெரிய துரைக்கு (தோட்டத்து மேனேஜர்) குடுங்க. இப்படி எழுதலாம்:

"எமது லயத்தில் வசிக்கும் எனது குடும்பத்தில் ... பேர் உள்ளனர். எமக்குத் தனியான மலசலகூட வசதி இல்லை. இத்துடன் இணைத்துள்ள படத்தில் காட்டப்பட்ட இடத்தில், நீரூற்றிலிருந்து ... அடி தூரத்தில், எமது சொந்தச் செலவில் இரட்டைக்குழி மலசலகூடமொன்றை அமைப்பதற்கு அனுமதி வழங்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

குடுக்கும்போது உங்க கொப்பியில திகதி முத்திரை அடிச்சி கையெழுத்து வாங்குங்க. வாய்ப்பேச்சுல "சரி சரி, கட்டுங்க"ன்னு சொன்னத நம்பி கல்லு இறக்கினவங்க, துரை மாறினதும் வேலைய நிப்பாட்டின கதை எங்க பக்கத்துல நெறைய. எழுத்துல வாங்குங்க.

ரெண்டாவது, ஜீ.எஸ் (கிராம சேவகர்) கிட்ட வதிவிடச் சான்றிதழ். அடையாள அட்டை கொப்பி, குடும்பத்துல உள்ளவங்க பேர், அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் காசு) கெடைக்கிறதுன்னா அந்த விவரம், எல்லாம் கொண்டு போங்க. ஜீ.எஸ் ஒபிஸ்ல எந்த நாள் இருப்பாருன்னு போன்ல கேட்டுட்டு போங்க, ஒரு நாள் பேர் போடாம (வேலைக்கு போகாம) போய் கதவு பூட்டியிருந்தா அந்த நாள் சம்பளமும் போச்சு.

மூனாவது, பி.எச்.ஐ. எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல போய் எடத்த வந்து பார்க்கச் சொல்லி கேளுங்க. அவர் வந்து "இந்த எடம் சரி"ன்னு சொன்னா மத்த ஒபிஸ்ல வேலை சுலபம். அவர் வர்ற அன்னிக்கு ஊத்து, பீலி எல்லாத்தையும் நீங்களே கூட்டிட்டு போய் காட்டுங்க. பீலித் தண்ணிய டெஸ்ட் பண்ணவும் அப்பவே கேளுங்க. இலங்கை தரத்துல குடிதண்ணி 100 மில்லிலீட்டர்ல ஈ-கோலை (மலத்துல இருந்து வர்ற கிருமி) ஒன்னு கூட இருக்கக் கூடாது. சும்மா சோடா போத்தல்ல தண்ணி பிடிச்சிட்டு போனா எடுக்க மாட்டாங்க, லேப்ல குடுக்கிற சுத்தம் செஞ்ச போத்தல்ல பிடிச்சி, ஐஸ்ல வச்சி, அதே நாள் சேர்க்கணும். கட்டுறதுக்கு முந்தி ஒரு ரிப்போர்ட் கையில இருந்தா பிறகு யாரும் உங்க குழி மேல பழி போட முடியாது.

நாலாவது, பிரதேச சபை. கட்டிட அனுமதிக்கு என்ன ஃபோம், என்ன கட்டணம், படம் யார் வரையணும்னு அங்க கேட்டு எழுதி எடுத்துக்கோங்க, சபைக்கு சபை வித்தியாசம் இருக்கும். "தோட்டத்துக்குள்ள எங்களுக்கு வேலை செய்ய முடியாது"ன்னு யாராவது சொன்னா பின்வாங்காதீங்க. 2018ல பிரதேச சபை சட்டத்த திருத்தின பிறகு தோட்டத்து சனத்துக்கும் சபை சேவை செய்யலாம். நுவரெலியா, பதுளை, கண்டி மாதிரி மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்கள்ல கட்டிட வேலைக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கையும் கேப்பாங்க. உங்க வேலைக்கு அது தேவையான்னு சபையில மொதல் நாளே கேளுங்க, கடைசியில கேட்டா அதுக்கு தனியா காத்திருக்கணும்.

எல்லா கடிதமும் தமிழ்லயே குடுக்கலாம், தமிழ்லயே பதில் கேக்கிற உரிமை அரசியலமைப்புல இருக்கு. சிங்களத்துல மட்டும் உள்ள ஃபோம நீட்டினா தமிழ் ஃபோம் கேளுங்க. வெளங்காத பேப்பர்ல கையெழுத்து போட வேணாம்.

இன்னொன்னு. உங்க டிவிசனுக்கு கக்கூஸ் திட்டம் வந்துச்சு, பேர் லிஸ்ட்ல இருந்துச்சு, பிறகு சத்தமே இல்லைன்னா, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பிரதேச செயலகத்துலயோ சபையிலயோ தகவல் அதிகாரிகிட்ட எழுத்துல கேளுங்க. குடுக்கிறதா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். என்ன திட்டம், எவ்வளவு காசு, யார் யார் பேர், எந்த நிலையில இருக்குன்னு கேள்விய துண்டு துண்டா கேளுங்க.

"ஏற்கனவே பொதுக் கக்கூஸ் இருக்குதானே"ன்னு ஒரு பதில் வரும். அதுக்கு இத சொல்லுங்க: உலக சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் எடுக்கிற கணக்குல ரெண்டு வீடோ அதுக்கு மேலயோ பகிர்ந்துக்கிற கக்கூஸ அடிப்படை வசதியாவே சேர்க்கிறதில்ல. பகிராத, கழிவு அந்த எடத்துலயே பாதுகாப்பா மக்குற ரெட்டைக்குழி, எல்லாத்துலயும் மேல் படியில வரும்.

5. குழி அளவும் செலவும்

குழி வட்டமா, உள் அகலம் 1 மீட்டர், பாவிக்கிற ஆழம் 1 மீட்டர், பைப்புக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு மொத்தமா மூனரை நாலு அடி. தண்ணி பாவிச்சி கழுவுற ஆளுங்களுக்கு ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 45 லீட்டர் அளவு சேரும்னு கணக்கு, அதுப்படி 5 பேர் வீட்டுக்கு ஒரு குழி 3 வருஷம் தாண்டும், 8 பேர்னா 2 வருஷம். 8 பேருக்கு மேல இருந்தா அகலத்த 1.2 மீட்டர் ஆக்குங்க. ஆழத்த கூட்டாதீங்க! "இன்னும் நாலு அடி தோண்டினா பத்து வருஷம் வரும்"னு சொல்ற ஆளுங்க இருப்பாங்க, ஆழம் போனா தண்ணிமட்டம் கிட்ட வரும், அள்ளுறதுக்கும் ஆள் உள்ள இறங்கணும்.

ரெண்டு வருஷம்ன்ற கணக்க நான் ஏன் விடாம சொல்றேன்னா நம்ம குளிர் தான். உலக சுகாதார அமைப்பு 2006ல குடுத்த வழிகாட்டல்ல வெப்பம் 20 பாகை செல்சியஸுக்கு மேல உள்ள எடத்துல ஒரு வருஷத்துக்கு மேல மூடி வச்சா போதும்னும், அதுக்கு கீழ உள்ள குளிர் எடத்துல ஒன்றரையில இருந்து ரெண்டு வருஷம் வேணும்னும் இருக்கு. நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை குளிருக்கு ரெண்டு வருஷம் தான் சரி. வட்டப்புழு முட்டை லேசுல சாகாது, நம்ம பிள்ளைங்க வயித்துல இருக்கிற புழு அதுல இருந்து தான் திரும்பத் திரும்ப வருது.

சாமான் கணக்கு, ரெண்டு குழியும் உள்ளுக்கு நாலுக்கு நாலு அடி ரூமும் சேர்த்து: குழி ஒன்னுக்கு செங்கல்லு 220ல இருந்து 250, ரூமுக்கு நாலு இஞ்சி புளொக் கல்லு 130ல இருந்து 150, சீமெந்து 10ல இருந்து 12 மூட்டை, மணல் அரை கியூபுக்கு கொஞ்சம் கூட, முக்கால் இஞ்சி மெட்டல் கால் கியூப், மூடிக்கு 10 எம்.எம். கம்பி ஆறு, 110 எம்.எம். பைப், ஸ்கொட்டிங் பேன் ஒன்னு, கதவு, கூரைத் தகரம். வெல வாரா வாரம் மாறுது, அதனால இந்த லிஸ்ட்ட எடுத்துட்டு போய் ரெண்டு ஹாட்வெயார்ல எழுதி வாங்குங்க. ஹாட்டன்ல ஒரு வெல, உங்க டவுன்ல ஒரு வெல, ஆனா லொறிக் கூலிய சேர்த்து பாருங்க. ரோட்டுல இறக்கி லயத்துக்கு தூக்குற கூலிய யாரும் கணக்குல போட மாட்டாங்க, பாதி மலை ஏறணும்னா அது பெரிய காசு.

கவனிச்சீங்களா, சீமெந்துல குழிக்கு போறது மூனு நாலு மூட்டை தான், மிச்சம் முழுக்க ரூமுக்கு. காசு பத்தலைன்னா ரூம தகரத்துலயோ பலகையிலயோ அடிச்சி இப்போதைக்கு பாவிங்க, டைல்ஸ பிறகு பாருங்க. குழியில மட்டும் கை வைக்காதீங்க. எங்க பக்கத்துல பல வீட்டுல இதுக்கு தலைகீழா, ரூமுக்கு டைல்ஸ் பளபளன்னு இருக்கு, பைப் நேரா காணுக்கு போகுது.

காசுக்கு சீட்டு நல்ல வழி. நாலஞ்சு வீடு சேர்ந்து சீட்டு பிடிச்சி, எடுக்கிறவங்க வீட்டுல அந்தந்த மாசம் வேலை நடந்தா, மணலும் மெட்டலும் ஒரே லொறியில இறக்கலாம், பாஸ் கூலியும் பேசி கொறைக்கலாம்.

6. எப்ப தொடங்குறது

ஹாட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை பக்கம்னா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், வைகாசி மழை தொடங்கிட்டா குழி கரை நிக்காது. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட், அங்க மழை ஐப்பசிக்கு பிறகு. கடித வேலைய அதுக்கு ரெண்டு மூனு மாசம் முந்தியே தொடங்கணும். தோண்டுறது ரெண்டு நாள் வேலை, கட்டுறதும் மூடி காயுறதும் சேர்த்து மூனு வாரம் வைங்க. பனியில சீமெந்து கட்டிபிடிக்கும், தேவையான அன்னிக்கு தேவையான மூட்டைய மட்டும் இறக்குங்க.

7. கட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க

பாஸ்மார் நல்ல வேலைக்காரங்க தான், ஆனா பழகினது டேங்க் கட்டி, உள்ள பூசி, ஒழுகாம ஆக்கிறது. இந்த குழி ஒழுகத் தான் வேணும். அத வேலை தொடங்குறதுக்கு முந்தியே சொல்லி புரிய வைங்க.

செங்கல்ல சுத்தி அடுக்கும்போது மேல் ஒரு அடிய முழுசா கட்டணும், அதுக்கு கீழ ஒரு வரி விட்டு ஒரு வரி ரெண்டு இஞ்சி இடைவெளி விட்டு ஓட்டை ஓட்டையா கட்டணும், மணல் மண்ணா இருந்தா ஓட்டைய அரை இஞ்சியா சுருக்குங்க. உள்பக்கம் பூசக் கூடாது. அடியில கொங்கிரீட் போடக் கூடாது, வெறும் மண் தான். குழி வாய் நிலத்துல இருந்து ஆறு இஞ்சி ஒசந்து நிக்கட்டும், சுத்தி மண்ண இறுக்கி அணைங்க, மழைத்தண்ணி உள்ள போகவே கூடாது. தோண்டும்போது கரை இடிஞ்சி விழுற மண்ணுன்னா ஆள உள்ள தனியா விடாதீங்க. பழைய குழி, பழைய டேங்க் எதுக்குள்ளயும் யாரும் இறங்க வேணாம், அந்த காத்து ஆள அடிச்சிப் போட்டுடும், காப்பாத்த இறங்கினவங்களும் செத்திருக்காங்க.

பேன் வாங்கும்போது அடி நல்லா சரிவா உள்ளத பாருங்க, ரெண்டு லீட்டர் தண்ணியில எல்லாம் போயிடணும். தட்டையான பேன் வாங்கினா ஒவ்வொரு தடவையும் வாளி வாளியா ஊத்தணும், பீலியில இருந்து தண்ணி தூக்குறது யார்? வீட்டுப் பொம்பளைங்க தான். கீழ வளைவுல எப்பவும் தண்ணி நிக்கிற மாதிரி பூட்டணும், மணமும் ஈயும் வராம தடுக்கிறது அது. காத்து பைப் இதுக்கு தேவையில்ல, காத்து மண்ணுக்குள்ளயே போயிடும்.

பேன்ல இருந்து வர்ற பைப் ஒரு சின்ன சேம்பர்ல விழுந்து அங்க இருந்து ரெண்டு குழிக்கும் பிரியணும். பைப்புக்கு 15 அடிக்கு ஒரு அடி சரிவு, குழி செவத்த தாண்டி நாலு இஞ்சி உள்ள நீட்டிக்கிட்டு இருக்கணும். சேம்பர்ல ஒரு வாய செங்கல்லு வச்சி லேசா பூசி அடைங்க. ரெண்டையும் திறந்து விட்டா ரெண்டும் ஒன்னா நெறையும், பிறகு ரெட்டைக்குழி கட்டி பிரயோசனமே இல்ல. பாஸ் போறதுக்கு முந்தி சேம்பர் மூடிய திறந்து கண்ணால பாருங்க.

குழி மூடி மூனு இஞ்சி கொங்கிரீட், கம்பி போட்டு. ஒரே துண்டா போட்டா 240 கிலோ வரும், அதனால ரெண்டு பாதியா, கைபிடி கம்பி வச்சி ஊத்துங்க, நாலு பேர் தூக்கலாம். ஈரச்சாக்கு போட்டு 14 நாள் நனைங்க, குளிர்ல கொங்கிரீட் மெதுவா தான் இறுகும்.

குளிக்கிற தண்ணி, துணி தோய்க்கிற தண்ணி, கூரைத் தண்ணி எதையும் இந்த குழிக்கு விடாதீங்க. அதுக்கு தனியா கல்லு போட்ட ஒரு சின்ன குழி போதும்.

உள்பக்கம் நல்ல கொண்டி, செவத்துல பிடிக்க ஒரு கம்பி, மூடியுள்ள ஒரு வாளி. வாளி எதுக்குன்னா பொம்பளைங்க மாதவிடாய் பெட் போடுறதுக்கு, பேனுக்குள்ள போட்டா பைப் அடைக்கும், குழியில அது மக்காது. கட்டுறது ஆம்பளைங்கன்றதால இந்த மூனும் மறந்து போகும், வீட்டு அக்கா தங்கச்சிமார்கிட்ட மொதல்ல கேளுங்க.

8. பாவிக்கிறதும் மாத்துறதும்

பினோல், கழுவுற அசிட் எல்லாம் குழிக்கு போனா மக்க வைக்கிற கிருமியும் செத்துடும், பிரஷும் தண்ணியும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். குழி நெறைஞ்சா தண்ணி மெதுவா இறங்கும், அப்ப சேம்பர திறந்து அடைச்ச வாய மாத்துங்க. மாத்தின திகதிய சேம்பர் மூடியில பெயின்ட்ல எழுதுங்க. கொப்பியில எழுதினா தொலையும், ஞாபகத்துல வச்சா ரெண்டு வருஷத்துக்கு பிறகு வீட்டுல ஆளாளுக்கு ஒரு மாசம் சொல்வாங்க.

ரெண்டு வருஷத்துக்கு பிறகு திறந்தா கறுப்பு மண்ணு மாதிரி, மணமில்லாம இருக்கணும். ஈரமா, நாத்தமா இருந்தா மூடிட்டு இன்னும் சில மாசம் விடுங்க, எங்கயோ தண்ணி உள்ள போகுதுன்னு அர்த்தம். கையுறை, பூட்ஸ் போட்டு வெளிய நின்னே அள்ளுங்க. வாழைக்கும் பேரிக்கா மரத்துக்கும் குழி வெட்டி போடலாம், கரட், லீக்ஸ், சலாது பாத்திக்கு வேணாம். தோட்டத்து தேயிலைக்கும் போடாதீங்க, ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் உள்ள தோட்டத்துல மனிதக் கழிவு பாவிக்க அனுமதி இல்ல.

9. அடுத்த லயத்துக்கு சொல்றது

ஒரு வீட்டுல நல்ல கக்கூஸ் இருந்து சுத்தி பத்து வீட்டுக் கழிவு காணுல போனா உங்க பிள்ளைக்கு வயித்தால போறது நிக்காது. அதனால இத ஒரு தனி வேலையா எடுத்து செய்யுங்க.

குழி கட்டி முடிச்சி மூடி போடுறதுக்கு முந்தி ஒரு நாள் விடுங்க, பக்கத்து லயத்து ஆளுங்கள கூப்பிட்டு உள்ள காட்டுங்க. மூடின பிறகு எல்லா கக்கூஸும் ஒரே மாதிரி தான் தெரியும், எது சரி எது பிழைன்னு யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டை விட்ட செங்கல்லயும், சேம்பர்ல அடைச்ச வாயையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க, நாளைக்கு வேற பாஸ் வந்தா வாயால சொல்றத விட படத்த காட்டினா சட்டுன்னு பிடிச்சிக்குவார். உங்களுக்கு கட்டின பாஸ் நல்லா பழகிட்டாருன்னா அவரையே மத்த வீட்டுக்கும் சொல்லி விடுங்க, கூட ஒரு இளந்தாரி பையன போடுங்க, அவன் கத்துக்கட்டும். குடும்ப நல உத்தியோகத்தர் அம்மாவும் தோட்டத்து பிள்ளை மடுவத்துல உள்ள சி.டி.ஓவும் (சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்) தாய்மாரோட தினம் பேசுறவங்க, அவுங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு காட்டினா செய்தி உங்கள விட சுருக்கா போகும்.

உங்க கடிதக் கொப்பிகளையும் சாமான் லிஸ்டையும் ஃபைலோட மாதர் சங்கத்துலயோ கோயில் கமிட்டியிலயோ ஒரு ஆள்கிட்ட குடுத்து வைங்க. அடையாள அட்டை நம்பர் உள்ள எடத்த மறைச்சி கொப்பி எடுங்க. அடுத்து கட்டப் போறவங்க பேரையும் தூரத்தையும் மட்டும் மாத்தி எழுதி அதே கிழமையே துரை ஒபிஸுக்கு குடுக்கலாம்.